தொடாமல் வைத்த முத்திரை

எங்கள் அத்திம்பேர் பஞ்சாபகேசன் போன மேட மாதத்தில் காலமானார். பதின்மூன்றாம் நாள் சுபத்துக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கையலம்பும்போது சேஷன் சொன்னார்: "மகா ஆசாரசீலர். இப்படி ஒரு மனுஷாளை இனிமே இந்தக் கோட்டைக்குள்ளே பாக்க முடியாது." என் கையில் ரசப் பாத்திரம் இருந்தது. அதை அவர் தலையில் கவிழ்க்காமல் அடுப்பங்கரைக்குத் திரும்பி வந்தேன். என் அக்கா புருஷனுக்காக நான் காட்டிய கடைசி மரியாதை அதுதான்.

இதே சேஷன்தான் பத்து வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் "பொணந்தொட்ட பஞ்சாபகேசன்" என்று பெயர் வைத்தவர். தெரு முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தது. குழந்தைகள்கூடச் சொல்லின. இன்றைக்குச் செத்தவரைப் புகழ்கிறார்கள், செத்தவர் திரும்பிப் பேசமாட்டார் என்ற தைரியம். நான் பேசுவேன். என் பெயர் சாவித்ரி, அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருப்பவள். நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தவள், மீதியைப் பார்த்தவர்களிடமே கேட்டவள்.

அத்திம்பேர் பெரிய மனுஷர் இல்லை. சர்க்கார் கச்சேரி ஒன்றில் குமாஸ்தா. எந்தக் கச்சேரி என்று சொல்லமாட்டேன், எங்கள் உறவுப் பிள்ளைகள் இன்னும் அங்கே உத்தியோகம் பார்க்கிறார்கள். முத்து முத்தாக எழுதுவார், குரல் உயர்த்திப் பேசமாட்டார், கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும். அக்கா அனந்தலக்ஷ்மிக்கு வாய் நீளம். ஆகவே அந்த வீட்டில் இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

மலையிலிருந்து மிருகங்களையும் பட்சிகளையும் ஆராய்ச்சிக்கென்று பிடித்துப் போகிறவர்களுக்கு இது நடப்பதற்குச் சில வருஷம் முன்னால் ஒரு சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் யார் வேண்டுமானாலும் துப்பாக்கியோடு பொன்முடிப் பக்கம் போய், கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டு, தோலை உரித்துப் பஞ்சு அடைத்துக் கப்பலேற்றலாம். சட்டம் வந்த பிறகு அனுமதி வாங்க வேண்டும். இந்த ஜாதியில் இத்தனைதான் என்று அனுமதியில் எழுதியிருக்கும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கப்பலுக்குப் போகும் முன்னால் சர்க்கார் ஆள் ஒருவர் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்து அரக்கு முத்திரை வைக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கு நல்ல பிரதி எழுதியவரே அத்திம்பேர்தான். ஸ்லோகம் மாதிரி மனப்பாடமாகச் சொல்வார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, இங்கே பூசாரி வேலைக்கு அவரையே போட்டார்கள்.

இப்போது கேளுங்கள். பெட்டிக்குள் இருப்பது செத்த பிராணி. திறந்து எண்ண வேண்டியவர், கோழி முட்டையைப் பார்த்தாலே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அக்ரஹாரத்துப் பிராமணர். அந்தக் கச்சேரியில் சூப்ரண்டிலிருந்து கடைசிக் குமாஸ்தா வரைக்கும் எல்லோரும் எங்கள் ஆட்கள்தான். சூப்ரண்டு யார் என்றால், இதே சேஷன். அவரே முன்பு அந்த வேலையைப் பார்த்தவர். ஆகவே அங்கே ஒரு மாமூல் ஏற்பட்டிருந்தது. பெட்டிகளை முற்றத்தில் இறக்குவார்கள். நம்மவர் தள்ளி நாற்காலி போட்டு, மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு உட்காருவார். "என்ன பட்சி, எத்தனை?" என்று கேட்பார். துரையின் ஆள் வாய்க்கு வந்ததைச் சொல்வான். இவர் எழுதிக்கொள்வார். சேவகன் அரக்கை உருக்கி ஊற்றுவான், இவர் கையை எட்டி நீட்டிச் சங்கு முத்திரையை அழுத்துவார். "என் முன்னிலையில் திறந்து எண்ணப்பட்டது" என்று கையெழுத்தும் போடுவார். பிறகு நேரே பத்மதீர்த்தக் குளத்துக்குப் போய் மூன்று முழுக்கு.

தினமும் சந்தி தவறாமல் செய்கிற மனிதர், பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மனிதர். அதே கையால் பொய்யை எழுதி, அதன் மேல் ராஜ முத்திரையும் வைத்துவிட்டு, தீட்டுப் போகக் குளித்துவிட்டு வருவார். அது பொய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை. "பொணத்தைத் தொட்டுட்டு எங்காத்துக்குள்ளே வரப்படாது, கேட்டேளா?" என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

மலையாளக் கணக்கில் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு கும்ப மாதம். அக்காவுக்கு மூன்றாவது பிரசவம். எங்கள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் புக்ககத்திலேயே பெற்றாள், பெண் குழந்தை. பத்து நாள் தீட்டுக்குக் கொல்லைப்புறத்து அறையில் குழந்தையோடு இருந்தாள். அந்த அறையின் ஜன்னல் பின்பக்கத்துச் சந்தின் பக்கம் பார்த்திருக்கும். நான்தான் சமைத்துப் போட்டேன். கதவைக் கொஞ்சம் திறந்து, இலையைத் தரையில் வைத்து, குச்சியால் உள்ளே தள்ளுவேன். எங்கள் வழக்கம் அப்படி.

ஒரு நாள் காலையில் சந்திலிருந்து ஒரு பெண்குரல். "ஏமானே! ஏமானே!" என்று எஜமானைக் கூப்பிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் நடந்துவிட முடியாது. தோட்டிகள் வந்துபோகிற பின்சந்து வழியாக அவள் வந்திருந்தாள். மலைக்காட்டில் வாழும் காணிக் குடியைச் சேர்ந்தவள், பெயர் அம்மிணி. பொன்முடிக்கு அப்பாலிருந்து நடந்தே வந்தவள், கால் முழுக்க முள் கிழித்த கோடு. அத்திம்பேர் கொல்லைக் கதவைத் திறந்து, தள்ளியே நின்றார்.

"எங்க ஆளெக் கெட்டிக் கொண்டுபோயாச்சு ஏமானே," என்றாள். "தொர சொன்னாரு, சொமந்தாரு. வேற ஒரு குத்தமும் செய்யல்ல."

அவள் புருஷன் பெயர் ஈச்சன் காணி. துரை என்றால் மெர்ட்டன் துரை. தன் ஊர்க் காட்சிச்சாலைக்குப் பட்சி சேர்க்க வந்தவன். மலையில் எஸ்டேட் பங்களாவில் தங்கி, வழி காட்டவும் சுமை தூக்கவும் ஈச்சனை வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிடைத்திருந்த அனுமதியில் மலைமுழக்கி இரண்டு என்று இருந்தது. தமிழில் இருவாட்சி என்பார்களே, பெரிய மஞ்சள் மூக்கும் அதன் மேல் ஒரு கொண்டையுமாக இருக்கும் பட்சி, அதுதான். இரண்டுக்கும் அத்திம்பேர் முத்திரை வைத்தாயிற்று. பெட்டி வலியதுறைக் கிட்டங்கியில் கப்பலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ஈச்சன் இன்னும் சில மலைமுழக்கிகளைச் சுமந்துகொண்டு மலை இறங்கும்போது காட்டிலாகாக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். துரையிடம் கேட்டார்கள். அவன் சிரித்தானாம். "என் இரண்டும் சர்க்கார் முத்திரையோடு கடற்கரையில் இருக்கின்றன. இந்தத் திருடன் யாருக்குச் சுமந்தானோ, எனக்கு எப்படித் தெரியும்?" என்றானாம்.

எய்தவன் இருக்க அம்பைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஈச்சனைப் பூட்டிவைத்துவிட்டார்கள். சட்டப்படி ஜெயில் நிச்சயம்.

"அந்தப் பெட்டியிலேயும் நெறெய பட்சி உண்டு ஏமானே," என்றாள் அம்மிணி. "எங்க ஆளுதான் அதையும் சொமந்தது. ஏமான் தொறந்து கண்டதல்லே? எத்தர உண்டுன்னு கோடதியிலே ஒரு வாக்கு சொன்னா மதி. பின்னெ தொரக்குப் பொய் பறைய ஒக்காது." கோர்ட்டில் எண்ணிக்கையைச் சொன்னால் போதும், துரையால் பொய் சொல்ல முடியாது என்கிறாள்.

அத்திம்பேருக்குக் காது சிவந்துவிட்டது. நான் பக்கத்தில் கிணற்றடியில்தான் நின்றேன்.

"ஏமான் தொறந்து கண்டதல்லே?" என்று அவள் மறுபடி கேட்டாள். சந்தேகத்தோடு அல்ல. கையெழுத்துப் போட்டவர் பார்த்திருப்பார் என்று நம்பித்தான் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

"நீ போ. ஞான் ஆலோசிக்கட்டும்," என்றார்.

அவள் போகவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள், யாராவது கேட்டால் போதும் என்கிற மாதிரி. "மலைமுழக்கியிலே பெண்ணு மரப்பொந்துக்கு அகத்தாக்கும் இருக்கிறது. மண்ணு பூசி வாசலை அடச்சிடும். மூக்கு நொழையற அளவு ஓட்டை மட்டும். ஆணு பழம் கொண்டுவந்து அதுவழி கொடுக்கும். றெக்கெயெல்லாம் அகத்தே உதிர்ந்து போயிருக்கும், பறக்க ஒக்காது. தொர ஆணெ வெடி வச்சுக் கொன்னாரு. பின்னெ மரத்திலே ஏறி மண்ணை இடிச்சு அதையும் குஞ்சையும் எடுக்கச் சொன்னாரு. எங்க ஆளு ஏறினாரு, பொய் பறையல்ல. தொர சொன்னா ஏறாதெ இருக்க ஒக்குமோ ஏமானே?"

அத்திம்பேர் கதவைச் சாத்திவிட்டார்.

அன்று மத்தியானம் நான் இலையை உள்ளே தள்ளினேன். அது அப்படியே கிடந்தது. அக்கா கையை நீட்டவில்லை. "அவரைக் கூப்பிடு," என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.

அத்திம்பேர் வந்து கதவுக்கு வெளியே நின்றார்.

"அந்தப் பெட்டியைத் திறந்து பாத்தேளா?"

"இல்லை."

"பின்னே ஏன் பாத்தேன்னு எழுதினேள்?"

"எல்லாரும் அப்படித்தானே எழுதறது. நீதானே சொன்னே, பொணத்தைத் தொட்டுட்டு ஆத்துக்குள்ளே வரப்படாதுன்னு."

உள்ளே குழந்தை சிணுங்கியது. அக்கா அதை மடியில் மாற்றிக்கொண்டாள். பிறகு கத்தினாளே ஒரு கத்தல், பிரசவித்த உடம்பு என்று நான் பயந்து போனேன்.

"ஆத்துக்குள்ளே வரப்படாதுன்னுதான் நான் சொன்னேன். கச்சேரியிலே பொய் எழுதச் சொன்னேனா? தொட முடியாதுன்னா ஜோலி வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கணும். உங்க மடிக்கு ஒருத்தன் ஜெயிலுக்குப் போகணுமோ? நான் இங்கே அடஞ்சு கெடக்கறேன். சாவித்ரி இந்த இலையைத் தள்ளலேன்னா எனக்கும் இந்தக் கொழந்தைக்கும் என்ன கதி? அந்த ஓட்டை வழியா மூக்கை நீட்டிண்டு இருந்திருக்குமே அந்தப் பட்சி, வருவான் வருவான்னு! போங்கோ. போய்த் திறங்கோ. தொட்ட கையோட இங்கே வாங்கோ. கதவை நான் திறக்கறேன்."

இவ்வளவுக்கும் இவள்தான் தெருவிலேயே தீட்டுப் பார்க்கிற பெரிய மடிக்காரி. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், கோபத்தில். யார் மேல் கோபம் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திறப்பது லேசான காரியம் இல்லை. முத்திரையை உடைத்துப் பார்த்து உள்ளே நிறைய இருந்தால் ஈச்சன் துரைக்குத்தான் சுமந்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதே நிமிஷத்தில் "திறந்து எண்ணினேன்" என்று எழுதியவர் பொய்யர் என்றும் தெரிந்துவிடும். ஈச்சன் வெளியே வர வேண்டுமானால் அத்திம்பேரின் உத்தியோகம் போக வேண்டும். மூன்று குழந்தைகள், வேறு வருமானம் இல்லை. இது தெரிந்துதான் அவர் மறுநாள் சேஷனிடம் அனுமதி கேட்கப் போனார்.

சேஷன் ஆடிப்போய்விட்டார். கீழே இருக்கிறவன் திறக்காமல் முத்திரை வைத்தான் என்றால் மேலே இருக்கிறவன் எப்படி வைத்தான் என்று கேட்பார்களே! "ஓய், உமக்கென்ன பிராந்தா? சர்க்கார் முத்திரையை உடைக்க உமக்கு என்ன அதிகாரம்?" என்று எகிறினாராம்.

"வச்ச அதிகாரந்தான்," என்று சொல்லிவிட்டு அத்திம்பேர் வெளியே வந்துவிட்டார்.

வலியதுறைக் கிட்டங்கியில் அப்போது ஞானசிகாமணி நாடார் என்பவர் கணக்கர். அவர் என் அகத்துக்காரருக்குச் சிநேகிதர். அவர் சொல்லித்தான் மற்றது எங்களுக்குத் தெரியும். அத்திம்பேர் காட்டிலாகா அதிகாரி ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு, நல்ல வெயிலில், பூணூல் தெரிய வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாராம். சங்கு முத்திரையை உடைக்கக் கூலிகள் பயந்தார்கள். இவரே கடப்பாரையை வாங்கி மூடியை நெம்பினார். வாழ்க்கையில் மண்வெட்டிகூடப் பிடிக்காத கை. மூடி பெயர்ந்தபோது விரலிடுக்கிலிருந்து ரத்தம் வந்ததாம்.

கற்பூரமும் படிகாரமும் உப்புமாக வாடை முகத்தில் அடித்தது. மேல்துண்டை எடுத்து மூக்கை மூடுவார் என்று நாடார் எதிர்பார்த்தாராம். மூடவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அந்தத் துண்டையே தரையில் விரித்து அதன் மேல் வைத்தார். கண் இருந்த இடத்தில் பஞ்சு. காலில் சீட்டு. துண்டு போதவில்லை. வெறுந்தரையில் அடுக்கினார். இரண்டு என்று எழுதிய இடத்தில் பதினேழு மலைமுழக்கி இருந்தது. அதில் சிலவற்றுக்கு இறக்கையில் பெரிய சிறகே இல்லை, மொட்டையாக இருந்தது, மூக்கில் காய்ந்த மண். கடைசியாக ஒரு குஞ்சு. இன்னும் இறகுகூடச் சரியாக முளைக்காதது. அதற்கும் பஞ்சு அடைத்திருந்தார்கள்.

"கூட்டில் அடைந்திருக்கும் பெண் பட்சியையும் குஞ்சையும் தொடலாகாது," என்று சட்டத்தின் வாசகத்தை அத்திம்பேர் வாய்விட்டுச் சொன்னாராம். அவரே நல்ல பிரதி எழுதிய வாசகம். சொல்லிவிட்டு அந்தக் குஞ்சையும் வரிசையின் கடைசியில் வைத்தாராம்.

மெர்ட்டன் துரைக்கு ஆள் போய் அவனும் வந்து சேர்ந்தான். வெட்கப்பட்டானா? மூச்! ஒன்றிரண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆண், பெண், குஞ்சு, இளசு, கிழடு என்று வரிசையாக வைத்து ஒப்பிட வேண்டும், இது சாஸ்திரம், குமாஸ்தாவுக்குப் புரியாது என்றானாம். புரியாமல் போகட்டும். அப்படி வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் அதையே கேட்டிருக்கலாமே? காரணம் சொல்லியிருந்தால் சர்க்கார் கொடுத்திருக்குமோ, மறுத்திருக்குமோ. அதற்குத்தானே சட்டம்? ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை எடுத்தேன் என்று உண்மை சொல்ல முடியாதவன் அந்தப் பட்சியைப் பற்றி மட்டும் என்ன உண்மையைக் கண்டுபிடித்து எழுதிவிடப் போகிறான்? இங்கே ஒருத்தனும் பெட்டியைத் தொடமாட்டான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நம்முடைய மடிதான் அவனுக்கு அனுமதிச் சீட்டு.

அன்று அத்திம்பேர் குளத்துக்குப் போகவில்லை. வலியதுறையிலிருந்து நேரே தெரு வழியாக, கையில் உப்பும் ரத்தமும் காய்ந்திருக்க, நடந்து வந்தார். இரண்டு பக்கமும் வாசலில் நின்றவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். அக்கா சொன்னபடி செய்தாள். தீட்டு அறையிலிருந்து எழுந்து வந்து கொல்லைக் கதவைத் தானே திறந்து, அவர் கையில் தண்ணீர் விட்டாள்.

கச்சேரியிலிருந்து ஓலை வர எத்தனை நாழியாகும்? வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? பொய்க் கையெழுத்து இல்லை, மேலதிகாரி அனுமதி இல்லாமல் சர்க்கார் முத்திரையை உடைத்தது. எண்ணாமல் வைத்தது குற்றமில்லை, எண்ணியது குற்றம்.

பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனத்துக்கு வாத்தியார் வந்தார். கூடவே சேஷனும் தெருவின் பெரியவர்களும் வந்தார்கள். வாத்தியார் கூடத்தில் காலை வைக்கவில்லை, வாசற்படியிலேயே நின்றார்.

"வெறும் ஸ்நானம் போறாது," என்றார். "பிராயச்சித்தம் பண்ணிண்டு, பஞ்சகவ்யம் சாப்பிட்டாத்தான் நான் உள்ளே வர முடியும். பொணங்களைத் தொட்டிருக்கேள். எத்தனைன்னு சொன்னேள்னா அதுக்குத் தக்கபடி செய்யலாம்."

அத்திம்பேர் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"தொட்டதுக்கு ஒண்ணும் பண்ணிக்கமாட்டேன். தொடாம முத்திரை வச்சேனே, வருஷக்கணக்கா, அதுக்கு என்ன பிராயச்சித்தம்னு சாஸ்திரத்திலே பாத்துச் சொல்லுங்கோ. இப்பவே பண்றேன். இதோ நிக்கறாரே சேஷன், அவருக்கும் சேத்துப் பாருங்கோ."

வாத்தியார் சேஷனைப் பார்த்தார். சேஷன் தெருவைப் பார்த்தார். பிறகு எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

அக்கா உள்ளேயிருந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு வந்தாள். சொம்பிலிருந்த தண்ணீரைத் தானே வீடு முழுக்கத் தெளித்தாள். குழந்தையை அவர் மடியில் வைத்து, "நீலாம்பாள்னு மூணு தரம் காதிலே சொல்லுங்கோ," என்றாள். மந்திரம் இல்லை, மேளம் இல்லை. அந்தப் பெண் நன்றாகத்தான் வளர்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எந்த வாத்தியாரும் அந்தப் படியை மிதிக்கவில்லை.

ஈச்சன் வழக்கில் அத்திம்பேர் சாட்சி சொன்னார். "திறந்து எண்ணினேன் என்று நான் எழுதியது பொய்," என்றார். ஏன் அப்படி எழுதினீர் என்று மாஜிஸ்ட்ரேட்டு கேட்டார். "தீட்டு என்று நினைத்தேன்," என்றார். கோர்ட்டு முழுக்கச் சிரிப்பு. கைதிக் கூண்டில் நின்ற ஈச்சன் மட்டும் சிரிக்கவில்லையாம். அவனை விட்டுவிட்டார்கள், ஆனால் எச்சரித்து விட்டார்கள். எதற்கு எச்சரிக்கை? துரை பேச்சைக் கேட்டதற்காம். அந்தக் காட்டில் தேன் எடுக்க அவனுக்கு இருந்த உரிமையையும் பிடுங்கிக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அம்மிணி மறுபடி எங்கள் சந்துக்கு வரவே இல்லை. எதற்கு வருவாள்? நன்றி சொல்லவா? திறக்க வேண்டியதை அன்றே திறந்திருந்தால் அவள் அத்தனை தூரம் நடந்திருக்கவே வேண்டாம். இதை நான் சொல்லவில்லை, அத்திம்பேர் சொன்னது.

அவர் உத்தியோகம் போனது. ஆரியசாலையில் பகவதிப்பெருமாள் பிள்ளையின் புளி, மிளகாய் மொத்தக் கடையில் கணக்கெழுதப் போனார். வருகிற மூட்டை ஒவ்வொன்றையும் பிரித்து, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அடியிலிருந்து அள்ளிப் பார்ப்பாராம். "சாமி, புளிக்கும் தீட்டு உண்டுமா?" என்று பிள்ளை கேலி செய்வார். "உண்டு. பாக்காம வாங்கினா உண்டு," என்பாராம் இவர். சாகிற வரைக்கும் அந்தக் கடையில் அவர் பிரிக்காத மூட்டை ஒன்றும் உள்ளே போனதில்லை.

மெர்ட்டன் துரை என்ன ஆனான் என்று கேட்பீர்கள். சிரமம் கொடுத்ததற்கு வருந்துவதாகச் சர்க்காரிலிருந்து அவனுக்குக் கடிதம் போயிற்று. செத்த பட்சிகள் வீணாகப் போகக்கூடாது என்று பதினேழையும் அந்தக் குஞ்சையும் அவனிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மறு வருஷம் அவனே வந்தான், புது அனுமதியோடு. சட்டத்தையும் திருத்தியிருந்தார்கள். சாஸ்திர ஆராய்ச்சிக்கென்று வரும் பெரிய மனிதர்களின் வாக்கே போதும், பெட்டியைத் திறந்து எண்ண வேண்டியதில்லை, முத்திரை மட்டும் வைத்தால் சரி. தெருவில் எல்லோருக்கும் திருப்தி. சேஷன் தன் மருமகனை அந்த வேலைக்குப் போட்டார்.

அந்த மருமகன் முதல் பெட்டிக்கு முத்திரை வைத்த அன்று நானும் அக்காவும் பத்மதீர்த்தத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அவன் எதிர்ப் படித்துறையில் வந்து இறங்கினான். மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டு, மூன்று முழுக்குப் போட்டான். படித்துறை நிறைய ஆட்கள். அக்கா கையிலிருந்த புடவையைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏண்டா, எதுக்குடா குளிக்கறே?" என்று குளத்துக்கு இந்தக் கரையிலிருந்து கத்தினாள். "நீதான் எதையுமே தொடலையே!"

அவன் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா புடவையை எடுத்து மறுபடி துவைக்க ஆரம்பித்தாள்.